பாடும் மீனும் கதறும் ஊரியும்

மட்டக்களப்பை ‘மீன் பாடும் தேன் நாடு’ என்று வருணிப்பதில் நம்மவர்க்கு என்றுமே அலுப்புத் தோன்றியதில்லை. விழா மலர்களின் அட்டைகளிலும், சங்கங்களின் பெயர்ப்பலகைகளிலும், அரங்குகளின் திரைகளிலும் அந்த மீன் இடையறாது நீந்திக்கொண்டிருக்கிறது. 1924ஆம் ஆண்டில் அமைந்த கல்லடிப் பழைய பாலத்தின் அருகே, நிலாக் காலத்து இரவிலே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருள் ஆழ்த்தி, அதன் மேல்முனையிற் காதை வைத்தால் வாவியின் இசை கேட்கும் என்பது ஊரறிந்த செய்தி.

காரைதீவிற் பிறந்தவரும், ‘யாழ்நூல்’ என்னும் பேராராய்ச்சியை 1947ஆம் ஆண்டிலே தமிழுலகுக்கு அளித்து அவ்வாண்டிலேயே மறைந்தவருமான விபுலானந்த அடிகளார் அந்த இசைக்கு ஓர் உருவம் கொடுத்தார். வாவியின் அடியிலே நீரரமகளிர் கூட்டமாக இருந்து பாடுகின்றனர் என்பது அவர் கண்ட காட்சி. அழகான காட்சிதான். ஆயினும் அதிலுள்ள ஒரு செய்தியை நாம் கவனிப்பதில்லை. பாடுகின்றவர்கள் பெண்கள், ஒருத்தியல்லள், ஒரு கூட்டம், அவர்கள் முகம் நமக்குத் தெரியாது, பெயரும் தெரியாது, குரல் மட்டுமே நீரின்மேல் வந்து நம்மை மகிழ்விக்கிறது. நாம் மகிழ்ந்து வீடு திரும்புகிறோம்.

அடிகளாருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னர், 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ட் இதே வாவியில் தோணியேறிச் சென்று அந்த ஒலியைக் கேட்டார். பின்னர் தாம் எழுதிய இலங்கை வரலாற்று நூலில், பல சிற்றொலிகள் ஒன்றோடொன்று கலந்து எழும் நுண்ணிய இன்னிசையாக அதனை வருணித்தார். அவரை அழைத்துச் சென்ற மீனவரோ, அது மீனின் குரலன்று, ஊரியின் குரல் என்றனர். அந்த ஊரிக்கு அவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயரை அவர் ஆங்கில எழுத்திற் குறித்து, அதற்குப் பொருளும் எழுதி வைத்தார். அவர் எழுதிய ஆங்கிலச் சொல் அழுவதற்கும் பொருந்தும், கத்துவதற்கும் பொருந்தும். பாடுவதற்கு மட்டும் பொருந்தாது. கரையிலிருந்து வந்த கனவான் இசை கேட்டார். வாவியிலேயே பிழைப்பு நடத்தியவன் கதறல் கேட்டான். ஒலி ஒன்றுதான்.

ஒலியை எழுப்புவது மீனா ஊரியா என்ற ஆராய்ச்சி இக்கட்டுரையின் நோக்கமன்று. பெண்கள் கூடிப் பாடும் பாட்டை நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதே என் வினா. இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, பாடியவள் யார், அவள் கூறியது என்ன என்ற இரண்டு கேள்விகளையும் விட்டுவிடும் பழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று. அது உலகப் பழக்கம். அதன் விளைவு இன்னதென்று ஐயந்திரிபற எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஒரு வரலாறு அமெரிக்காவிலே உண்டு. அதை முதலிற் கூறிப் பின்னர் நம் வாவிக் கரைக்குத் திரும்புவேன்.

1960களில் இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக ஒலிபரப்பு மேனாட்டு மெல்லிசையை இத்துணைக்கண்டமெங்கும் பரப்பி வந்தது. அக்காலத்தில் அமெரிக்காவிற் கொடிகட்டிப் பறந்தவை மகளிர் பாடற்குழுக்கள். மூவர் அல்லது நால்வர், பெரும்பாலும் கறுப்பினத்து ஏழைக் குடும்பங்களிற் பிறந்த பள்ளிக்கூடப் பெண்கள், ஒத்த உடை அணிந்து, ஒரே அசைவில் கையசைத்துப் பாடினார்கள். தேவாலயத்தில் மன்றாடிப் பாடிப் பழகிய குரலைக் காதற் பாட்டுக்குக் கொண்டுவந்த அந்த இசைமரபை ‘சோல்’, அதாவது ஆன்மா, என்று அழைத்தனர். நியூ ஜேர்சி மாநிலத்துப் பசாயிக் நகரில் ஒரே பள்ளியிற் படித்த நான்கு தோழியர் ‘ஷிரெல்ஸ்’ என்ற பெயரிற் பாடிய ஒரு பாட்டு 1961ஆம் ஆண்டு சனவரியில் அந்நாட்டு விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. கறுப்பினப் பெண்குழு ஒன்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை. தங்கள் வருமானம் பொறுப்பாளரிடம் வைப்பாக இருக்கும், இருபத்தொரு வயது நிரம்பியதும் கையிற் கிடைக்கும் என்று அப்பெண்களுக்குச் சொல்லப்பட்டதாம். வயது நிரம்பியபோது அப்படியொரு வைப்பே இல்லை என்று கண்டதாக அவர்கள் கூறினர், வழக்கும் தொடுத்தனர்.

‘கிறிஸ்டல்ஸ்’ என்னும் குழுவின் கதை இன்னும் விசித்திரமானது. 1962ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களுடைய பெயர் பொறித்த இசைத்தட்டு ஒன்று முதலிடத்துக்கு வந்தது. அந்தத் தட்டில் அவர்களில் ஒருவர் குரலும் இல்லை! தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் லோஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டார்லின் லவ் என்ற வேறொரு பெண்ணையும் அவர் தோழியரையும் பாடவைத்து, விலைபோகும் பெயரைத் தட்டில் அச்சிட்டு விட்டார். பெயருடையவர்கள் பாடவில்லை; பாடியவளுக்குப் பெயர் இல்லை. பிற்காலத்தில் டார்லின் லவ் வறுமையுற்று வீடு வீடாகத் துப்புரவு வேலை செய்தார். ஒரு நாள் பிறர் வீட்டுக் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வானொலியில் தாம் பாடிய நத்தார்ப் பாட்டு ஒலித்ததைக் கேட்டதாக அவரே பலமுறை கூறியிருக்கிறார். 2011இல் அந்நாட்டு இசைப் பெருமன்றம் அவரைத் தன் புகழ் வரிசையிற் சேர்த்தது. இடையில் ஓடிப்போனது அரை நூற்றாண்டு.

‘ரொனெற்ஸ்’ குழுவினர் 1963ஆம் ஆண்டில் அதே ஸ்பெக்டருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மூவருக்கும் சேர்த்து முற்பணமாகக் கிடைத்தது பதினையாயிரம் டொலரிலும் சற்றுக் குறைவு. அதன்பின் உரிமைப்பங்காக ஒரு சதமும் கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டோ திரைப்படங்களிலும் விளம்பரங்களிலும் ஓயாமல் ஒலித்தது. 1980களின் பிற்பகுதியில் அவர்கள் நீதிமன்றம் ஏறினர். 2002ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம், தட்டு விற்பனையில் அவர்களுக்குப் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால், இளமையில் இட்ட கையெழுத்து முழு உரிமையையும் தயாரிப்பாளருக்கே கொடுத்துவிட்டதாகையால் படத்திலும் விளம்பரத்திலும் வழங்குவதை அவர்கள் தடுக்கவியலாது என்று தீர்ப்பளித்தது. அக்குழுவின் முதற்குரலாகிய ரொனி ஸ்பெக்டர் அந்தத் தயாரிப்பாளரையே மணந்து, தம் மாளிகைக்குள்ளேயே சிறைப்பட்டு, வெளியேறாதிருக்கக் காலணிகளும் மறைக்கப்பட்ட நிலையில், 1972இல் வெறுங்காலோடு ஓடித் தப்பியதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் பின்னர் வேறொரு பெண்ணைக் கொன்ற குற்றத்துக்காக 2009இல் தண்டனை பெற்று, 2021இல் சிறைக்கைதியாகவே இறந்தார். உலகம் முழுவதும் அறிந்த ‘சுப்ரீம்ஸ்’ குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரும், அதற்கு அப்பெயரைத் தேர்ந்தவருமான புளோரன்ஸ் பலார்ட் 1967இல் அக்குழுவினின்று நீக்கப்பட்டு, வீடிழந்து, அரசாங்க உதவிப்பணத்தில் வாழும் நிலைக்கு வந்து, 1976இல் தம் முப்பத்திரண்டாம் வயதில் மாண்டார்.

இவையெல்லாம் பணத்தைப் பற்றியவை, ஏமாற்றைப் பற்றியவை. என் மனத்தை அவற்றினும் மிகுதியாக உறுத்துவது ஒரு பாட்டின் பிறப்புக் கதை. ஜெரி கோபின், கரோல் கிங் என்ற கணவன் மனைவியர் இவ்வகைப் பாட்டுக்கள் பலவற்றை இயற்றியவர்கள். அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஈவா பாய்ட் என்றொரு இளம்பெண் இருந்தாள். ‘லிட்டில் ஈவா’ என்ற பெயரிற் பின்னர் தானும் பாடிப் புகழடைந்தவள் அவள். தன் காதலன் தன்னை அடிப்பதையும், அன்பினாலேயே அடிக்கிறான் என்று தான் நம்புவதையும் அவள் ஒரு நாள் அவர்களிடம் கூறினாள். அவர்கள் அதைப் பாட்டாக்கினர். ‘அவன் என்னை அடித்தான், அது முத்தம்போல் இருந்தது’ என்பது அதன் தலைப்பின் பொருள். 1962இல் கிறிஸ்டல்ஸ் குழுவினர் அதை விருப்பமின்றியே பாடினர். கேட்டவர்கள் கண்டனம் தெரிவிக்கவே தட்டு மீளப் பெறப்பட்டது.

பாட்டைக் கண்டித்தவர்கள் கண்டித்தது நியாயமே. ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். அடிபட்டவள் ஒருத்தி, அவள் சொல்லைப் பாட்டாக எழுதியவர்கள் வேறு, பாட நேர்ந்தவர்கள் வேறு, பணமும் புகழும் எண்ணியவர் இன்னும் வேறு. இத்தனை பேர் கையில் மாறியும், அந்தப் பெண்ணிடம் ‘உன்னை அடிக்கிறவனை விட்டு நீ விலக வேண்டும்’ என்று யாரேனும் சொன்னதாக அந்தக் கதையில் எங்கும் இல்லை. அடி பாட்டாகிவிட்டது; பாட்டு இனித்ததா புளித்ததா என்பதே வழக்காகிவிட்டது.

இதைப் படிக்கும் வாசக நேயர், ‘அது வியாபார உலகம், ஐயோ பாவம், அமெரிக்கப் பெண்கள்!’ என்று பெருமூச்சு விட்டு அமைதி கொள்ளலாகாது. நம் பாட்டைப் பார்ப்போம்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தெற்கே அக்கரைப்பற்று வரையுள்ள தமிழ், முஸ்லிம் ஊர்களிலும் ‘கவி’ என்று ஒரு பாடல் வகை வழங்கி வருகிறது. நான்கு அடியில் முடிவது, ஏடறியாதது, நெல் குற்றும்போதும், பன்பாய் இழைக்கும்போதும், முற்றத்தில் நான்கு பெண்கள் கூடியிருக்கும்போதும் ஒருத்தி தொடங்க மற்றொருத்தி எதிர்க்கவி சொல்வது. ஆண்கள் வட்டையிலே காவற்பரணில் இருந்து பாடினார்கள். பெண்கள் வளவுக்குள் இருந்து பாடினார்கள். ஊரின் பொது அரங்கோ ஆண்களுடையது. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களிற் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். வசந்தன் ஆடியவர்களும் ஆண்களே. கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது, கணவனை இழந்த ஒரு பெண் அரசன் முன் நின்று நியாயம் கேட்ட வழக்குரைக் காதையை விடிய விடியப் பாடுகிறவர்களும் ஆண்களே. பெண்ணின் வழக்கைக் கோயிலில் ஆண் பாடுவான், பெண் குரவையிடுவாள். குரவைக்குச் சொல் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மட்டக்களப்பிற் பெண்ணுக்கு மதிப்பில்லை என்று நான் கூற வரவில்லை. தாய்வழிக் குடிமுறை நிலைத்த நாடு இது. வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மணமகன்தான் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வான். இத்தகைய உரிமை தமிழ் வழங்கும் வேறு பல பகுதிகளிற் பெண்ணுக்குக் கிடைத்ததில்லை. ஆனால், வீடு அவளுடையதாக இருந்தும் அவள் குரல் அந்த வீட்டின் படலைக்கு அப்பாற் சென்றதில்லை. சென்றபோது, அது பெயரை உள்ளே விட்டுவிட்டுத் தனியாகவே சென்றது.

இந்தக் கவிகளிலே எத்தனையோ துயரம் உறைந்து கிடக்கிறது. சொன்ன சொல்லை மறந்து வேற்றூரிற் பெண்ணெடுத்தவனை நோக்கிய கவி. வீடு கட்டி முடியாமையால் கல்யாணம் தள்ளித் தள்ளிப்போய் முதிர்ந்தவளின் கவி. கணவன் கைநீட்டுவதைத் தோழியிடம் சாடையாக உரைக்கும் கவி. வயிற்றுச் சுமையோடு கைவிடப்பட்டவளின் கவி. ஆனால் மேடைக்கு வருவன எவை? பள்ளி விழாவிலும், பண்பாட்டு விழாவிலும், வானொலியிலும் நாம் கேட்பன பெரும்பாலும் மச்சானும் மச்சியும் கேலி பேசும் கவிகள். பிள்ளைகள் தாவணியும் சாரமும் கட்டி, தலையிற் பனையோலைப் பெட்டி வைத்து, சிரித்துச் சிரித்துப் பாடுவார்கள். நாமும் கைதட்டுவோம். கசப்பை வடித்து இனிப்பை மட்டும் வார்க்கும் கலையில் நம் அமைப்பாளர்கள் நியூயோர்க்கின் தயாரிப்பாளர்களுக்குச் சிறிதும் இளைத்தவர்களல்லர்.

தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அழும் பிள்ளையை நோக்கி, உன்னை அடித்தவர் யார் என்று ஒவ்வோர் உறவாகக் கேட்டுச் செல்வது தமிழ்த் தாலாட்டின் தொன்றுதொட்ட முறை. அடித்தவர்களுட் பலர் அங்கே பூச்செண்டாலேயே அடிக்கிறார்கள். அடியைப் பூவாக்கிப் பாடும் அந்த நயத்தை நம் இரசிகர்கள் பக்கம் பக்கமாகப் பாராட்டியிருக்கிறார்கள். அடியை முத்தமாக்கிய அமெரிக்கப் பாட்டைக் கேட்டு முகஞ்சுளிப்பவர்கள், இதையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். நான் இரண்டையும் ஒன்றென்று கூறவில்லை. ஒன்று வாணிபத்துக்காகச் செய்தது, மற்றது குழந்தையைத் தேற்றச் செய்தது. ஆனால், பிள்ளையை அடித்தவர் யார் என்று பாட்டு முழுவதும் வினவுகின்ற அந்தத் தாயிடம், உன்னை அடித்தவர் யார் என்று எவரும் ஒருமுறையேனும் வினவியதுண்டா? நள்ளிரவிலே தொட்டிலைத் தவிர வேறு கேட்பாரின்றி அவள் ஏன் பாடினாள் என்பதை, தாலாட்டின் அணிநலம் பேசும் நம் கட்டுரைகள் கேட்டதுண்டா?

இனிப் பெயரைப் பற்றி. மட்டக்களப்பின் வாய்மொழி இலக்கியத்தை ஏட்டிலேற்றிக் காத்த பெரியோர்களுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவித்திரட்டை வெளியிட்டிராவிட்டால், வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதியிராவிட்டால், நாம் இன்று எவ்வளவோ இழந்திருப்போம். அக்காலத்தில் நாட்டுப்பாடலை ‘மக்கள் பாடல்’ என்று பொதுவாக மதித்தார்கள். பாடியவரைத் தனித்துக் குறிப்பது எங்குமே முறையாக இருக்கவில்லை. அதற்காக எவரையும் குறை கூற நான் ஒருப்படேன். அந்த முறை இன்றும் மாறாதிருப்பதையே குறை கூறுகிறேன்.

என் பெரியம்மா ஒருவர் படுவான்கரையிற் பெயர்பெற்ற கவிகாரி. எழுதப் படிக்கத் தெரியாதவர். நூற்றுக்கணக்கான கவிகளை நெஞ்சில் வைத்திருந்தவர். அவற்றுட் பல அவர் தாமே கட்டியவை. ஒரு சமயம் ஒலிப்பதிவுக் கருவியோடு சிலர் வந்தனர். இரண்டு நாள் இருந்து, அவர் சமைத்ததை உண்டு, அவர் பாடியதைப் பதிவு செய்துகொண்டு போயினர். பின்னர் அவை அச்சேறின. அட்டையிலே தொகுத்தவர் பெயர். உள்ளே அணிந்துரை வழங்கியவர், வாழ்த்துரை வழங்கியவர், அச்சிட உதவியவர் பெயர்கள். பெரியம்மாவின் கவிகளுக்கு மேலே ‘ஊர்ப் பெண்ணொருத்தி பாடியது’ என்ற வரி. புத்தகத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். தாம் கட்டிய கவிகளைச் சரியாக இனங்கண்டு, ‘இது நான் கட்டினது, இது என் தாய் கட்டினது, இதில் ஒரு சொல்லை மாத்திப் போட்டாங்க’ என்றார். கோபமொன்றும் இல்லை. ‘என்ர பேர் எங்க மகன்?’ என்று ஒரே ஒரு முறை கேட்டார். அவ்வளவுதான். அவர் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. நானும் அந்தக் கேள்வியை இன்றுவரை சுமந்து திரிகிறேன்.

இதற்கு மறுமொழியாகக் கூறப்படும் வாதங்களை நான் அறிவேன்.

நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் இல்லை. அது சமுதாயத்தின் சொத்து. ஒருவர் பெயரை ஒட்டுவது அதன் இயல்பைக் கெடுக்கும் என்பது ஒன்று. சமுதாயச் சொத்தாயின் தொகுத்தவர் பெயர் மட்டும் அட்டையில் ஏன்? சமுதாயம் என்பது எங்கோ வானத்தில் இருந்து பாடவில்லை. இன்ன ஊரில், இன்ன வளவில், இன்ன பெண்ணின் நாவிலிருந்தே அந்தக் கவி அன்று எழுந்தது. அவள் கட்டியதா, கேட்டுக் காத்ததா என்பது அடுத்த கேள்வி. காத்தவள் என்ற முறையிலேனும் அவளுக்குப் பெயருண்டு.

இன்னொரு வாதம் வலியது. பெயர் வேண்டாம் என்று அந்தப் பெண்களே கூறுகிறார்கள் என்பர். இது உண்மையும்கூட. காதற் கவி பாடுகிற பெண்ணை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். கணவன் வீட்டில் இருக்கும்போது அவனைப் பழித்த கவி தன்னுடையது என்று எவள் ஒப்புக்கொள்வாள்? நாணமும், குடிப்பெருமையும், சமயக் கண்டிப்பும் அவள் வாயை அடைக்கின்றன. பெயரின்மையே அவளுக்கு ஒரு முக்காடு. அதன் மறைவில் இருந்துதான் அவள் உண்மையைப் பேச முடிந்தது. இதை நான் மறுக்கவில்லை; மதிக்கிறேன். ஆயினும் முக்காட்டை அவள் தானே இட்டுக்கொள்வது ஒன்று. நாம் அவள் தலையில் இழுத்து மூடுவது வேறொன்று. வேண்டுமா வேண்டாமா என்று அவளைக் கேட்க வேண்டியது நம் கடமை. கேட்டபின் அவள் வேண்டாமென்றால், ‘பெயர் கூற விரும்பாதவர்’ என்று எழுதுவோம். ‘ஊர்ப் பெண்ணொருத்தி’ என்பதற்கும் அதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

மூன்றாவது, பாட்டின் இருளையே தேடிக்கொண்டிருந்தால் அதை எப்படி இரசிப்பது என்பர். இரசிப்பதற்கு நான் பகைவனல்லேன். ரொனெற்ஸ் குழுவின் பாட்டில் உள்ள உவகை பொய்யன்று. பாடிய பொழுதில் அந்தப் பெண்கள் உண்மையாகவே மகிழ்ந்து பாடினார்கள். பெரியம்மாவும் கவி சொல்லும்போது முகம் மலர்ந்துதான் சொல்லுவார். துயரத்தைச் சொல்லாக்க முடிந்தவளுக்கு அதனாலேயே ஒரு வெற்றியுண்டு. அந்த வெற்றியை அவளிடமிருந்து பறிக்க நான் கேட்கவில்லை. அது அவள் வெற்றி என்று எழுதுங்கள் என்றே கேட்கிறேன்.

சட்டம் என்ன கூறுகிறது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அவற்றை அவற்றின் மரபுச் சூழலுக்குப் புறம்பே வணிக நோக்கில் வழங்குவோர் அமைச்சர் குறிக்கும் அதிகாரியிடம் கட்டணம் செலுத்தி அனுமதி பெற வேண்டும். அவ்வாறு சேரும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவிடப்படும். நல்லெண்ணம் கொண்ட ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் அதிகாரி இருக்கிறார், கட்டணம் இருக்கிறது, பண்பாடு இருக்கிறது. பாடியவளுக்கென்று ஓர் இடம் இல்லை. அதே சட்டம் வேறொரு பகுதியில், நிகழ்த்துகின்ற கலைஞருக்குத் தம் நிகழ்த்தலின் பதிவின்மீது உரிமை வழங்குகிறது. முற்றத்திலிருந்து கவி சொல்லும் மூதாட்டியும் அவ்வகையில் ஒரு கலைஞரே என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி கைத்தொலைபேசியாகக் கிடக்கிறது. அன்று இரண்டு நாள் தங்கிச் செய்ததை இன்று இரண்டு நிமிடத்திற் செய்து உலகெங்கும் பரப்பிவிடலாம். ரொனெற்ஸ் பெண்களிடமாவது ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். நம் மூதாட்டியரிடம் அதுவும் கேட்பதில்லை.

ஆதலால் நான் கோருவன பெரியவையல்ல. கவி திரட்டப் போகும் மாணவர்களுக்கு எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் முதற்பாடமாக இதைக் கற்பிக்கட்டும்: பாடியவர் பெயர், ஊர், பாட்டைக் கற்ற இடம் ஆகியவற்றைக் கேட்காமற் கருவியை இயக்காதே, பெயரை வெளியிடலாமா என்று கேட்காமல் வெளியிடாதே, ஒரு சொல்லையும் மாற்றாதே. விழா நடத்துவோர் ஒலிபெருக்கிக்காரனுக்கும் பந்தற்காரனுக்கும் கொடுப்பதுபோலக் கவிகாரிக்கும் கூலி கொடுக்கட்டும், பொன்னாடை கூலியாகாது. கேலிக் கவி பத்துப் பாடினால் கசந்த கவி இரண்டேனும் மேடையேறட்டும். அவையிலிருக்கும் ஆண்கள் அதைச் செவிமடுத்துப் பழகட்டும். ஏற்கெனவே அச்சான தொகுப்புகளை எடுத்துக்கொண்டு ஊரூராகச் சென்று, ‘இது யார் கட்டியது?’ என்று இப்போதே கேட்கட்டும். கேட்டால் விடை கூறக்கூடியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் எண்பதைக் கடந்தவர்கள்.

போரும், 2004ஆம் ஆண்டு மார்கழி மாதக் கடற்கோளும் இந்தக் கரையிலே எத்தனையோ பெண்களை ஒப்பாரிக்காரிகளாக்கின. காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்கு ஒப்பாரியும் சொல்லவியலாது தவிக்கும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். உடல் இல்லாமல் ஒப்பாரி எவ்வாறு எழும்? அவர்கள் கட்டும் கவிகள் இனிமேல்தான் ஏடேற வேண்டும். அவையாவது கட்டியவர் பெயரோடு, கட்டியபடியே ஏறுமானால், பின்வரும் பிள்ளைகள் இந்த வாவிக்கரையின் வரலாற்றை அதன் பெண்களின் வாய்மொழியாகவே படிக்கக்கூடும்.